துன்பத்துக்குப் பிறகு ஒரு சீட்டுக்கட்டு

(கொல்லிமலையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலையில், கணிதத் துறை முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"துன்பத்திலிருந்து மீண்டு வருவது பற்றிப் பேசுங்க, ஆனா அறிவுரையா மட்டும் இருக்க வேண்டாம்" என்று செயலாளர் போனில் சொன்னார். அதனால் டாரட் சீட்டு பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தேன். நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னதும், இயற்பியல் படித்த நம் தோழர் ஒருவர், "ஏம்மா, கணக்கு படிச்சவ நீ, காலேஜ் மேடையில உட்கார்ந்து குறி சொல்லப் போறியா?" என்று கேட்டார். பயப்பட வேண்டாம். யாருக்கும் குறி சொல்லப் போவதில்லை. கஷ்டப்பட்ட மனுஷன் ஏன் குறி கேட்கப் போகிறான், அதில் அவனுக்கு என்ன கிடைக்கிறது, எங்கே ஏமாறுகிறான் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் ஊருக்கு இது புதிதா?

டாரட் என்றால் ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம், பெங்களூர், மும்பைப் பக்கம் உள்ளவர்கள் பொழுதுபோக்குக்குச் செய்வது என்று நினைக்கிறோம். பெயர்தான் புதிது. நம் கொங்குப் பக்கத்தில் பூக்கேட்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் முடிவு செய்வதா, காடு வாங்குவதா என்று மனசு தடுமாறினால் கோயிலுக்குப் போகிறோம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்து சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்கிறோம். இந்த மலைக்கே பாருங்கள், எட்டுக்கை அம்மனையும் மாசி பெரியண்ணசாமியையும் கும்பிட்டு மனக்குறையைச் சொல்ல அடிவாரத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் ஏறி வருகிறார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கிளி ஜோசியர் விரித்து வைத்திருந்ததும் படம் போட்ட சீட்டுதானே?

பூக்கேட்பதில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நினைத்த பூ வந்தால் பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். நினைக்காத பூ வந்தால், "இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே" என்று வாய் தானாகக் கேட்கும். அந்த நொடியில், நாம் எதை விரும்புகிறோம் என்பது நமக்கே தெரிந்துபோகிறது! பொட்டலம் பிரிக்கும் வரைக்கும் "எனக்கு எதுன்னாலும் சம்மதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் நாம்.

சங்கப் பாட்டிலும் இது இருக்கிறது. தமிழ்த் துறைத் தோழர்கள் தவறிருந்தால் திருத்துங்கள். குறுந்தொகை 23-ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. மகள் மெலிந்துபோகிறாள், காரணம் தெரியவில்லை. குறி சொல்லும் கட்டுவிச்சியைக் கூப்பிடுகிறார்கள். அவள் தெய்வங்களையும் மலைகளையும் பாடிக்கொண்டே போகிறாள். ஒரு மலையின் பெயர் வந்ததும் தோழி குறுக்கிட்டு, அந்த மலையைப் பாடிய பாட்டை இன்னொரு தடவை பாடு என்கிறாள். அது தலைவனுடைய மலை. உண்மை வெளியே வந்துவிட்டது. குறிகாரிக்கு அந்த ரகசியம் தெரியாது. அவள் பாடினாள், கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மனசிலிருந்து பதில் வந்தது.

இதற்கு நேர் எதிரான பாட்டுகளும் சங்க இலக்கியத்தில் உண்டு. அதே மாதிரிப் பெண்ணுக்கு முருகன் பிடித்திருக்கிறான் என்று முடிவு கட்டி, வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவார்கள். ஆட்டுக்குட்டி பலியாகும். பெண்ணின் நோய் மட்டும் தீராது, ஏனென்றால் அவளுக்கு வந்தது காதல் நோய். இந்தப் பேதைமையைப் பார்த்துக் கவிஞர்களே சிரித்திருக்கிறார்கள். ஆக, குறியின் நல்ல பக்கம், கெட்ட பக்கம் இரண்டையும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். ஒன்று உள்ளே இருப்பதை வெளியே கொண்டு வருகிறது. இன்னொன்று இல்லாத காரணத்தைச் சொல்லி ஆட்டை வெட்ட வைக்கிறது. என் பேச்சு முழுவதும் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பற்றித்தான்.

சீட்டின் கதை

டாரட் கட்டில் 78 சீட்டுகள். 22 பெரிய சீட்டுகள், 56 சிறிய சீட்டுகள். சிறியவை கோப்பை, வாள், கோல், காசு என்று நான்கு இனம். பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இது பிறந்தபோது வெறும் விளையாட்டுச் சீட்டு, நாம் ஆடுகிற ரம்மி மாதிரி. முன்னூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1781-இல் கூர் த ழெபலேன் என்ற பிரெஞ்சுக்காரர், இது பழைய எகிப்து நாட்டு ஞான நூல் என்று எழுதினார். எகிப்து எழுத்துகளை யாரும் படிக்கத் தெரியாத காலம் அது. ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஜனங்கள் நம்பினார்கள். அந்தக் காலத்தில்தான் இது குறி சொல்லும் சீட்டாகப் பெயர் வாங்கியது.

இப்போது உலகம் முழுக்க அதிகமாகப் புழங்கும் கட்டு 1909-இல் லண்டனில் வெளிவந்தது. திட்டம் போட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. சிறிய சீட்டுகளிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி வரைந்ததுதான் அவர் செய்த பெரிய வேலை. அதற்குமுன் பெரும்பாலான கட்டுகளில், ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பை மட்டும் இருக்கும். இவர் மனுஷர்களை வரைந்தார்: அழுகிறவர், நடக்கிறவர், தூங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டவர். அவர் 1951-இல் காலமானார். இந்தச் சீட்டால் அவர் பணக்காரராகவில்லை. எதிர்காலம் சொல்லும் என்று நம்பப்படும் சீட்டை வரைந்தவருக்கே இந்த நிலை என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

"கரெக்டா சொல்லிட்டாங்க!"

குறி கேட்டு வந்தவர்கள், "அப்படியே என் வாழ்க்கையைப் புட்டுப்புட்டு வெச்சுட்டாங்க" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து, "இது உன் குணத்தைப் பற்றிய அறிக்கை, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மார்க் போடு" என்றார். சராசரி 4.26 வந்தது. கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், அது 85 சதவீதம்! பிறகுதான் விஷயம் தெரிந்தது: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்த பொதுவான வரிகள். "வெளியே தைரியமா இருக்கீங்க, உள்ளுக்குள்ள கவலை இருக்கு" என்றால் இந்தக் கூட்டத்தில் யார் இல்லை என்பீர்கள்?

அதனால் சீட்டுக்கு எதிர்காலம் தெரியும் என்று நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

பிறகு ஏன் பேசுகிறேன்?

என் கணவர் 2018-இல் மாரடைப்பால் காலமானார். நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்திருந்தார். ஒன்று சொந்தம், இன்னொன்றுக்கு ஃபைனான்ஸ் ட்யூ போய்க்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு நடத்தியவள். ஆனால் எங்கள் வீட்டு லாரிக் கணக்கு எனக்குத் தெரியாது. அவர் பேப்பர் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். காரியம் முடிந்து இரண்டு மாதம் ஆகியும் அந்தப் பெட்டி இருந்த ரூமுக்குள் நான் போகவில்லை. மாசம் பிறந்தால் ட்யூ கேட்டு போன் வரும். எடுக்க மாட்டேன்.

சொந்தக்காரர்கள் ஒரு ஜோசியரிடம் அழைத்துப் போனார்கள். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பரிகாரம் பண்ணலேன்னா பையனுக்கும் கண்டம் இருக்கும்மா, நாற்பதாயிரம் ஆகும்" என்றார். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது? என் தம்பிதான் வெளியே வந்ததும், "அக்கா, அது ட்யூ கட்ட வேண்டிய பணம். ஒரு பைசா கொடுக்காதே" என்றான். கொடுக்கவில்லை. ஆனால் பல நாள் தூக்கம் போச்சு. பையன் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனால், திரும்பி வரும் வரை வாசலிலேயே நிற்பேன்.

அந்த நேரத்தில் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு டாரட் கட்டு கொண்டு வந்தாள். "அம்மா, இது ஜோசியம் இல்ல. தினம் காலையில ஒரு சீட்டு எடு. என்ன தெரியுதோ அதை நோட்டுல மூணு வரி எழுது. அவ்வளவுதான்" என்றாள். அவள் மனசு நோகக் கூடாது என்று ஆரம்பித்தேன்.

முதல் வாரத்தில் ஐந்து கோப்பை வந்தது. கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். எதிரே மூன்று கோப்பை கவிழ்ந்து கொட்டிக் கிடக்கிறது. "எல்லாம் கொட்டிப் போச்சு" என்று எழுதிவிட்டு, சீட்டை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்தேன். சாயங்காலம் டீ போடும்போது பார்த்தால், அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பை கவிழாமல் நிற்கிறது. காலையில் அது என் கண்ணில் படவே இல்லை. அன்று ராத்திரி நோட்டில், நிற்பது எது எது என்று எழுதினேன். என் சம்பளம். ட்யூ இல்லாத லாரி. பன்னிரண்டு வருஷமாக அதை ஓட்டும் டிரைவர் அண்ணன். தம்பி. பிள்ளைகள். மூன்று வரி என்று உட்கார்ந்தவள் ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

இன்னொரு நாள் எட்டு வாள். கண்ணைக் கட்டி, உடம்பைத் துணியால் சுற்றிய ஒரு பெண், சுற்றிலும் வாள்கள். இது நான்தான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், அந்தப் பெண்ணின் கால் கட்டப்படவில்லை. வாளும் அவளை முழுக்க அடைக்கவில்லை, முன்பக்கம் வழி இருக்கிறது. "நடக்க முடியும்னா எங்கே நடப்பே?" என்று நோட்டில் எழுதினேன். கை தானாக "பெட்டி ரூமுக்கு" என்று எழுதியது.

அன்றைக்குப் பெட்டியைத் திறந்தேன். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், பர்மிட், எஃப்.சி. பேப்பர், அவர் கையெழுத்தில் டீசல் கணக்கு. அந்தக் கையெழுத்தைப் பார்த்து அழுதேன். அழுது முடித்து, தம்பியோடு ஆடிட்டரிடம் போனேன். ட்யூ வண்டி ஓடி வரும் வருமானம் ட்யூவுக்கே பத்தவில்லை என்று அவர் கணக்கு போட்டுக் காட்டினார். மூன்று மாதத்தில் அதை விற்று, கடனை அடைத்தோம். இன்னொரு வண்டியை டிரைவர் அண்ணன் பொறுப்பில் 2021 வரை ஓட்டினோம்.

இதை நன்றாகக் கவனியுங்கள். வண்டியை விற்கச் சொன்னது சீட்டு இல்லை, ஆடிட்டர். வழி சொன்னது பேப்பர். சீட்டு செய்தது ஒன்றே ஒன்று: எதைப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தேனோ அதை என் வாயாலேயே சொல்ல வைத்தது. நேற்று எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தோமே, வளைவில் ஹாரன் அடிக்கிறார் டிரைவர். அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று ஹாரனுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் அந்த இடத்தில் எல்லோரும் வேகத்தைக் குறைத்து, கவனமாகப் பார்க்கிறோம். என் அனுபவத்தில் சீட்டு அவ்வளவுதான், அந்த அளவுக்கு அது உதவியது.

படம் எப்படி வேலை செய்கிறது?

பெரிய துக்கம் வந்தவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "இருக்கேன்" என்பார். ஒரு படத்தைக் காட்டி, "இவர் ஏன் இப்படி நிற்கிறார்?" என்று கேட்டால் பத்து நிமிஷம் பேசுவார். பேசுவது தன்னைப் பற்றித்தான். அமெரிக்காவில் ஹார்வர்டில் ஹென்றி மரேயும் கிறிஸ்டியானா மார்கனும் 1930-களில் இதையே ஒரு உளவியல் சோதனையாக உருவாக்கினார்கள். படச் சீட்டைக் காட்டிக் கதை சொல்லச் சொல்வார்கள்.

எழுதுவதற்கும் பலன் உண்டு. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம், மனசைப் பாதித்த சம்பவத்தை எழுத வேண்டும். நடந்ததையும் அப்போது மனசில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் உடம்பு சரியில்லை என்று கல்லூரி மருத்துவரிடம் போனது குறைவு. பிறகு நடந்த பல ஆய்வுகளில் பலன் சிறியது, எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்று வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். சின்னப் பலனானாலும், ஒரு நோட்டும் பேனாவும்தானே செலவு?

"கஷ்டம் மனுஷனைப் பக்குவப்படுத்தும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள் 1990-களில் இதை ஆராய்ந்தார்கள். துன்பத்துக்குப் பின் சிலரிடம் வளர்ச்சி வருகிறது, அது துன்பத்தால் வருவதில்லை, அதோடு மல்லுக்கட்டுவதால் வருகிறது என்கிறார்கள். என் கணவர் போனதால் நான் வளர்ந்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெட்டியைத் திறந்ததால் வளர்ந்தேன்.

முல்லைப்பாட்டிலும் இதைப் பார்க்கலாம். போருக்குப் போன தலைவன் வருவானா என்று முதிய பெண்கள் ஊர் எல்லையில் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். ஒரு இடைப்பெண் கன்றுக்குட்டியிடம், உன் தாய் சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்வது காதில் விழுகிறது. நல்ல சகுனம் என்று ஓடி வந்து தலைவியிடம் சொல்கிறார்கள். அவள் தேறினாளா? இல்லை, மேலும் அழுதாள். நல்ல வார்த்தை கேட்டவுடன் துக்கம் தீர்ந்துவிடாது என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கே நிறுத்த வேண்டும்?

பயத்தை விற்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். "பரிகாரம் பண்ணாவிட்டால்" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் முழுக்கக் கேட்காதீர்கள். இப்போது போனிலேயே நிமிஷத்துக்கு இவ்வளவு என்று வசூலித்து ஜோசியமும் டாரட்டும் பார்க்கிறார்கள். பேசப் பேச அவர்களுக்கு வருமானம், உங்கள் கவலை தீர்ந்துவிட்டால் நஷ்டம். மந்திரம், தாயத்து வியாதியைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. கிளி ஜோசியம் பழைய ஞாபகமாக இருக்கலாம், ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது குற்றம். நம் கவலைக்காக ஒரு கிளி ஏன் சிறை இருக்க வேண்டும்?

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நேற்று ஒரு தம்பி, "மேடம், மூணு அரியர் இருக்கு, கிளியர் ஆகுமான்னு ஒரு கார்டு எடுங்களேன்" என்றான். அதைப் பார்க்கச் சீட்டு வேண்டாம் தம்பி, உன் நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்! ஒரு தங்கைக்கு மரணச் சீட்டு, அதாவது பதின்மூன்றாம் நம்பர், வந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயம். 78-இல் அது ஒன்று. தினம் ஒரு சீட்டு எடுத்தால் வருஷத்துக்கு நாலைந்து தடவை வரத்தான் செய்யும். எனக்கு வந்திருக்கிறது. அன்றைக்கு இட்லிக்கு மாவு ஆட்டினேன், வேறொன்றும் நடக்கவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

1. "என்ன நடக்கும்?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு நான் எதைப் பார்க்க மறுக்கிறேன்?" என்று கேளுங்கள்.

2. அர்த்தம் சொல்லும் புத்தகத்தை முதலில் திறக்காதீர்கள். படத்தை இரண்டு நிமிஷம் பாருங்கள்.

3. மூன்று வரி எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

4. ஒரு நாளைக்கு ஒரு சீட்டுதான். பிடிக்கவில்லை என்று மறுபடி எடுக்கத் தோன்றினால், ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள்.

5. சாயங்காலத்துக்குள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு போன், ஒரு கடிதம், ஒரு விண்ணப்பம்.

6. வியாதிக்கு டாக்டர், வழக்குக்கு வக்கீல், கடனுக்கு ஆடிட்டர். இந்த மூன்றையும் சீட்டிடம் கேட்கவே கூடாது.

டாரட் கட்டுதான் வேண்டும் என்பதில்லை. பழைய காலண்டர் படம் போதும். வீட்டு ஆல்பம் போதும். சீட்டில் நம்பிக்கை இல்லாதவர்கள் நோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. சில துக்கத்துக்கு நோட்டும் போதாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், சீட்டை மூடி வைத்துவிட்டு மனிதர்களிடம் பேசுங்கள். 14416 என்ற எண்ணில், 2022 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இரவும் பகலும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா அமைப்பும் இந்தப் பணியைச் செய்கிறது. எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாவிட்டாலும் ஹாஸ்டலில் பக்கத்து ரூமுக்குத் தேவைப்படும்.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் எத்தனையோ பேர் துணையை இழந்திருக்கிறோம், தொழிலில் நஷ்டப்பட்டிருக்கிறோம், பிள்ளைகளைப் பிரிந்து இருக்கிறோம். வருஷம் ஒரு தடவை கூடிச் சாப்பிட்டுப் போவதோடு நிற்காமல், ஒருவருக்கு ஒருவர் மாதம் ஒரு தடவையாவது போன் செய்து, "என்ன பண்றே?" என்று கேட்டு, பதில் வரும் வரைக்கும் பொறுமையாக இருப்போம். குறி கேட்கப் போகிறவர்களில் பாதிப் பேர் தேடுவது, குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரு ஆளைத்தான். அந்த ஆளாக நாம் இருந்தால் நாற்பதாயிரம் மிச்சம்!